அமில ஏரிகளில் சுண்ணக்கல் தூவும் படகு வன்னிக் குளத்துக்கு உதவுமா?

கிளிநொச்சியில் பொறியியல் பயிலும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. சுவீடனில் அமிலமாகிப்போன ஏரிகளில் சுண்ணாம்புத் தூளை நீரில் கலந்து பீய்ச்சும் படகுகளைக் காணொளியில் பார்த்ததாகவும், தம்முடைய ஊர்க் குளத்தில் ஆவணி, புரட்டாதி மாதங்களில் நீர் வற்றும்போது மீன்கள் செத்து மிதப்பதாகவும், அத்தகைய படகொன்றை இறுதியாண்டுச் செயற்றிட்டமாகச் செய்து குளத்தில் சுண்ணாம்பு தூவினால் மீன்கள் பிழைக்குமா என்றும் கேட்டிருக்கிறார்.

தம்பி, படகை நீங்கள் தாராளமாகச் செய்யலாம். அதில் கற்பதற்கு நிறைய உண்டு. ஆனால் உங்கள் குளத்தில் சுண்ணாம்பு தூவ வேண்டாம். அந்தப் படகு எந்த நோய்க்காகச் செய்யப்பட்டதோ அந்த நோய் வன்னிக் குளங்களுக்கு இல்லை. அதை விளங்கிக்கொள்வதற்கு அந்த ஏரிகளில் நடந்தது என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கப்படும்போதும் உலோகத் தாது உருக்கப்படும்போதும் வெளியேறும் கந்தகவீரொட்சைட்டும் நைதரசன் ஒட்சைட்டுகளும் வானில் அமிலங்களாக மாறி, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தொலைவிலும் மழையோடும் பனியோடும் இறங்குகின்றன. சுவீடனின் மண் விஞ்ஞானி சுவாந்தே ஓடேன் 1967இல் இதைப் பொதுமக்கள் முன் வைத்தபோதுதான் தம் ஏரிகளில் மீன்கள் ஏன் மறைகின்றன என்ற கேள்விக்கு அந்த நாட்டு மக்களுக்கு விடை கிடைத்தது. சுவீடன், நோர்வே ஆகிய நாடுகளின் பெரும்பகுதி கருங்கல் வகைப் பாறையின் மேல் மெல்லிய மண் போர்த்த நிலம். அந்த மண்ணில் அமிலத்தை எதிர்கொள்ளக்கூடிய சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அங்கே மழை ஏராளம், குளிர் அதிகம், ஆவியாதல் குறைவு. ஆகவே ஏரி நீர் ஏறக்குறைய மழைநீரைப் போலவே உப்புச் சத்தற்றதாக இருந்தது. அப்படிப்பட்ட நீரில் சிறிதளவு அமிலம் சேர்ந்தாலும் பிஎச் பெறுமானம் (7 நடுநிலை, அதற்குக் குறைந்தால் அமிலம், கூடினால் காரம்) 5க்குக் கீழே சரிந்துவிடும். அமில நீர் மண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைத்து ஏரிக்குக் கொண்டுவர, அந்த அலுமினியம் மீனின் செவுள்களில் படிந்து மூச்சையும் உடலின் உப்புச் சமநிலையையும் கெடுத்தது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் சட்பரி நகரைச் சுற்றியிருந்த ஏரிகளின் நிலை இன்னும் மோசம். அங்கே உருக்காலைப் புகையின் அமிலத்தோடு செம்பும் நிக்கலும் சேர்ந்து இறங்கின.

இதற்கு மருந்தாகவே சுண்ணக்கல் இடும் முறை வந்தது. சட்பரி அருகே மிடில், லோஹி என்னும் ஏரிகளில் 1973இல் அது செய்து பார்க்கப்பட்டது. சுவீடன் அரசு 1970களின் பிற்பகுதியில் சோதனையாகத் தொடங்கி 1982 முதல் அதை நிரந்தரத் திட்டமாக்கியது. அங்கே சுண்ணக்கல் இடப்பட்ட ஏரிகள் 7,000க்கும் மேல். நோர்வேயில் சல்மன் மீன் அற்றுப்போன ஆறுகளில் சுண்ணக்கல்லை அளந்து ஊற்றும் நிலையங்கள் கரையோரம் அமைக்கப்பட்டு, மீன் மீண்டும் ஏறத் தொடங்கியது. புகையின் மூலத்தைக் குறைப்பதே உண்மையான தீர்வு என்பதையும், அது நிறைவேறும்வரை ஏரிகளை உயிரோடு வைத்திருப்பதற்கே சுண்ணக்கல் என்பதையும் அந்த நாடுகள் தொடக்கத்திலிருந்தே அறிந்திருந்தன.

இனி, தூளின் இயல்பு. அங்கே பெரும்பாலும் இடப்படுவது சுடப்படாத சுண்ணக்கல்லை மாவாக அரைத்த கல்சியம் காபனேற்று. அது அமிலத்தோடு சேர்ந்து கல்சியமாகவும் இருகாபனேற்றாகவும் கரைகிறது. அதன் பெருஞ்சிறப்பு, அளவு சற்று மிஞ்சினாலும் நீரின் பிஎச் ஏறத்தாழ 8.3ஐத் தாண்டுவதில்லை என்பதாகும். காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் அந்த நிலை வந்ததும் தூள் கரைவது நின்றுவிடுகிறது. ஆகவே கை தவறினாலும் மீனைக் கொல்லாத மருந்து அது.

ஆனால் அது மெதுவாகக் கரையும் பொருள். நீருக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்துக்குள் கரைந்தாக வேண்டும். நீரில் துகள் இறங்கும் வேகத்தைத் தரும், உங்கள் பாடத்தில் வரும் ஸ்ரோக்ஸ் விதியைக் கொண்டு நீங்களே கணக்கிடலாம். 0.1 மில்லிமீற்றர் விட்டமுள்ள துகள் 5 மீற்றர் ஆழத்தைச் சுமார் 9 நிமிடத்தில் கடந்து அடியில் போய்ச் சேரும், 0.01 மில்லிமீற்றர் துகளுக்கு அதே ஆழத்தைக் கடக்க ஏறத்தாழ 15 மணித்தியாலம் வேண்டும். விட்டம் பத்திலொன்றானால் இறங்கும் வேகம் நூறிலொன்றாகிறது. எனவே கல்லை எவ்வளவு நுண்மையாக அரைக்கிறோம் என்பதே மருந்தில் எவ்வளவு பயன்படும், எவ்வளவு சேற்றில் புதையும் என்பதைத் தீர்மானிக்கிறது. நுண்மையான தூளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அதை உலர்ந்தபடியே நீரில் கொட்டினால் மேற்பரப்பில் மிதந்து, கட்டி பிடித்து, உள்ளே நனையாத உருண்டைகளாக மூழ்கிவிடும். அரைப்பதற்குச் செலவிட்ட பணம் முழுவதும் அந்த உருண்டைகளோடு அடியில் போய்க் கிடக்கும்.

படகின் வடிவமைப்பு முழுவதும் இந்த ஒரு தொல்லைக்கு விடையாக எழுந்தது என்று சொன்னால் மிகையாகாது. மூட்டைகளை வள்ளத்தில் ஏற்றி, ஆட்கள் அவிழ்த்துக் கொட்டுவதே மிக எளிய முறை; சிறிய ஏரிகளில் அப்படியும் செய்தார்கள், குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் பனிக்கட்டி மேல் பரப்பியும் விட்டார்கள். சாலை போகாத ஏரிகளுக்கு உலங்கு வானூர்தி. சாலை எட்டும் பெரிய ஏரிகளுக்குத்தான் படகு. தட்டையான அடியுள்ள மிதவைப் படகின் நடுவில் தூள் கொள்ளும் கூம்புத் தொட்டி இருக்கும். கரையில் நிற்கும் தாங்கி வண்டி காற்றழுத்தத்தால் குழாய் வழியே அதை நிரப்பும். தொட்டியின் அடியில் திருகுத் தண்டு ஒன்று சுழன்று தூளை அளந்து கீழே தள்ளும். ஏரி நீரையே பம்பி மூலம் இழுத்து, அந்த நீரோட்டத்துக்குள் தூளை விழச் செய்து, கலக்கிப் பால்போன்ற கூழாக்கி, பீய்ச்சு குழாய்களால் இருபுறமும் வீசுவார்கள். தூள் ஏரியைத் தொடுமுன்பே நனைந்து பிரிந்துவிடுகிறது. தூசியும் எழுவதில்லை, படகில் நிற்பவரின் நுரையீரலுக்கு அது சிறிய விடயமன்று.

அளவுகளை ஒரு மாதிரிக் கணக்கால் காட்டுகிறேன். ஒரு கன மீற்றர் நீருக்கு 5 கிராம் தூள் என்று வைத்துக்கொள்வோம். ஆழம் 4 மீற்றர் என்றால் ஒரு சதுர மீற்றர் பரப்புக்கு 20 கிராம். படகு செக்கனுக்கு 1.5 மீற்றர் வேகத்தில், இருபுறமும் பத்துப் பத்து மீற்றராக 20 மீற்றர் அகலத்துக்கு வீசிச் சென்றால், செக்கனுக்கு 30 சதுர மீற்றர் மூடப்படும். திருகுத் தண்டு செக்கனுக்கு 600 கிராம் தள்ள வேண்டும். ஒரு பங்கு தூளுக்கு ஒன்பது பங்கு நீர் என்று கலந்தால் செக்கனுக்கு ஐந்தரை லீற்றர் நீர் போதும். எங்கள் தோட்டங்களில் கிணற்றிலிருந்து நீரிறைக்கும் இரண்டு அங்குலப் பம்பியே இதற்குத் தாராளம். நான்கு தொன் தூள் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் தீரும். படகு 2 மீற்றர் ஆழமான பகுதிக்குள் நுழைந்ததும் ஊட்டும் வீதத்தைப் பாதியாக்க வேண்டும். ஆகவே ஆழமானியும் ஜி.பி.எஸ். கருவியும் திருகுத் தண்டின் மோட்டாரோடு இணைக்கப்பட்டிருந்தால் பரவல் சீராகும். சென்ற தடத்திலேயே மறுபடி செல்வதும் இடைவெளி விடுவதும் தவிரும்.

மிதவையைப் பற்றியும் ஒரு சொல். எட்டு மீற்றர் நீளமும் மூன்று மீற்றர் அகலமும் உள்ள பெட்டி வடிவ மிதவை, ஏற்றும் ஒவ்வொரு தொன்னுக்கும் நான்கு சென்ரிமீற்றருக்குச் சற்று மேல் அமிழும். நான்கு தொன் தீரும்போது படகு 17 சென்ரிமீற்றர் எழும்பிவிடும். படகைச் செலுத்தும் உந்தியின் ஆழமும் நீர் உறிஞ்சும் வாயின் ஆழமும் அதற்கேற்ப இருக்க வேண்டும். காற்றோடு இப்போதுதான் நிரப்பப்பட்ட நுண்தூள் ஏறத்தாழ நீரைப் போலவே ஓடும். படகு சரிந்தால் தூளும் அந்தப் பக்கமே ஓடிச் சரிவை மோசமாக்கும் என்பதால், தொட்டிக்குள் தடுப்புச் சுவர்கள் வைப்பதை எவ்விதத்திலும் விட்டுவிடாதீர்கள். இதற்கு நேரெதிராக, ஈரம் பட்ட தூள் கூம்பின் கழுத்தில் வளைவாக இறுகி நின்றுவிடும். அதற்காகவே கூம்பின் சுவர்கள் செங்குத்துக்கு நெருக்கமாகவும் சிறு அதிர்வியோடும் அமைக்கப்படுகின்றன. கார்த்திகை மழையில் வன்னியின் காற்றிலுள்ள ஈரத்தை நினைத்தால், இங்கே இந்த இரண்டாவது தொல்லைதான் உங்களை அதிகம் அலைக்கழிக்கும்.

படகு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அதன் பயனுக்கு ஏரியே எல்லை விதிக்கிறது. ஒரு துளி நீர் ஏரியில் சராசரியாக எவ்வளவு காலம் தங்குகிறது என்பதே அந்த எல்லை. பல ஆண்டுகள் நீர் தங்கும் ஏரியில் ஒருமுறை இட்ட சுண்ணக்கல் சில ஆண்டுகளுக்குப் பயன் தரும். சில மாதங்களில் நீர் மாறும் ஏரியில் அடுத்த பனி உருகும்போதே புதிய அமில நீர் வந்து இட்டதைத் தள்ளிவிடும். அதனால்தான் சில இடங்களில் ஏரியை விட்டு, அதன் நீரேந்து நிலத்திலேயே சுண்ணக்கல்லைப் பரப்பினார்கள். ஸ்கொட்லாந்தின் லொக் ஃபிளீற் ஏரிக்கு 1980களில் அவ்வாறு செய்யப்பட்டது.

இந்த அறிவோடு இரணைமடுவையோ கட்டுக்கரையையோ உங்கள் ஊர்க் குளத்தையோ பார்க்கலாம். வன்னியின் உட்பகுதிப் பாறையும் பழைய பளிங்குருப் பாறைதான். இலங்கையின் நிலவியலில் ‘வன்னித் தொகுதி’ என்றே ஒரு பிரிவு உண்டு. பாறையை மட்டும் பார்த்தால் சுவீடனைப் போல் இங்கும் நீர் அமிலமாகும் வாய்ப்பு இருப்பதாகத் தோன்றலாம். ஆனால் இங்கே வெப்பத்தில் பாறை ஆழமாகச் சிதைந்து கல்சியத்தையும் மகனீசியத்தையும் நீருக்குத் தந்துகொண்டேயிருக்கிறது. ஆண்டில் பல மாதங்கள் மழையின்றி வெயில் குளத்து நீரைக் குடித்து, எஞ்சிய நீரில் அந்த உப்புகளைச் செறியச் செய்கிறது. மன்னார், பூநகரிப் பக்கம் போனால் பாறையே சுண்ணக்கல். எங்கள் வீட்டுக் கேத்தல்களின் அடியில் வெள்ளையாகப் படிவது இதே கல்சியம் காபனேற்றுத்தான்.

ஆகவே வன்னிக் குள நீர் பொதுவாக நடுநிலையைத் தாண்டிய கார நீர். இருகாபனேற்று நிறைந்ததால் அமிலத்தைத் தாங்கும் ஆற்றலும் அதற்கு மிகுதி. அமில ஏரியில் அந்த ஆற்றல் பூச்சியத்தை ஒட்டி நிற்க, இங்கே அது லீற்றருக்குப் பல பத்து மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமமாக இருக்கும். வற்றும் காலத்தில் குள நீர் பச்சையாகி, பாசிகள் பகலில் காபனீரொட்சைட்டை உறிஞ்சும்போது பிஎச் 9ஐத் தொடுவதும் உண்டு. அந்த நீர் ஏற்கெனவே கல்சியம் காபனேற்றால் நிறைவுற்றிருக்கும். அதில் சுவீடன்காரரின் தூளை எவ்வளவு நுண்மையாக அரைத்துத் தூவினாலும் அது கரையாது. நீரைச் சில நாள் கலக்கிவிட்டுச் சேற்றில் படியும். தீங்கு பெரிதாக இல்லை, பயனும் இல்லை, பணம்தான் போகும். அளவையும் எண்ணிப் பாருங்கள். இரணைமடு நிரம்பும்போது ஒரு இலட்சம் ஏக்கர் அடிக்கு மேல் நீர் நிற்கிறது. கன மீற்றருக்கு 5 கிராம் என்ற அதே மாதிரி அளவில் 600 தொன்னுக்கு மேல் தூள் வேண்டும். அதுவும் மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்து சுண்டிக்குளம் கடனீரேரிக்கும், சிறுபோகத்தில் துருசு என்னும் மதகு வழியே வயலுக்கும் அதே ஆண்டில் போய்விடும்.

கரையாத சுண்ணக்கல் தூளை விட எனக்குப் பெரிய அச்சம் வேறு. அரைத்த சுண்ணக்கல் கிடைக்காதபோது யாராவது கடையில் விற்கும் நீற்றிய சுண்ணாம்பை வாங்கிக் குளத்தில் கொட்டிவிடக் கூடும். அது கல்லைச் சுட்டு நீற்றிப் பெறும் கல்சியம் ஐதரொட்சைட்டு, முற்றிலும் வேறு பொருள். அதன் நிறைவுற்ற கரைசலின் பிஎச் 12ஐத் தாண்டும், 8.3இல் நின்றுவிடும் அந்த நல்ல குணம் இதற்கு இல்லை. வற்றிய குளத்தில் மீன்கள் நெருங்கி, கழிவு கூடி, அமோனியாவும் நிறைந்திருக்கும். வெப்பநிலை 30 பாகையில் பிஎச் 7ஆக இருந்தால் அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே நஞ்சான வாயு வடிவில் இருக்கும். பிஎச் 8இல் அது ஏழெட்டு வீதம். 9இல் ஏறத்தாழ 45 வீதம். ஆகவே நீற்றிய சுண்ணாம்பு இட்டவர், அதுவரை தாக்குப்பிடித்த மீனையும் தம் கையாலேயே கொன்றவராவார். மீன்குஞ்சு வளர்க்கும் சிறு குட்டைகளை வற்றவிட்டு, வெறுந்தரையில் சுண்ணாம்பு தூவிக் கிருமி நீக்கிய பின் நீர் நிரப்புவது வேறு காரியம். அப்போது அங்கே மீன் இல்லை.

அப்படியானால் உங்கள் குளத்தில் மீன் சாவது எதனால்? நீங்கள் எழுதிய மாதங்களை வைத்துப் பார்த்தால் ஒட்சிசன் பற்றாக்குறையையே நான் முதலில் சந்தேகிப்பேன். சூடான நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். பகலில் ஒட்சிசனைத் தந்த பாசியே இரவில் அதை உட்கொள்ளும். விடியற்காலையில் நீரில் ஒட்சிசன் மிகவும் குறைந்து, மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். வெயில் காய்ந்த ஒரு காலத்துக்குப் பின் திடீரென ஒரு மழை பெய்தால், குளிர்ந்த நீர் இறங்கி, ஒட்சிசனற்ற அடி நீரையும் சேற்றையும் மேலே கிளப்பிவிடும். ஓரிரவில் பெருந்தொகை மீன் சாவது அப்படித்தான். பூச்சிகொல்லி தெளித்த கருவிகளை அலைகரையில் கழுவியதால் செத்திருக்கவும் கூடும். ஆனால் அது நாள் பார்த்து வராது, ஓரிடத்தில் தொடங்கும்.

பாசியைக் குறைக்கத் தூள் தூவும் படகு உதவாதா என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். உதவிய இடங்கள் உண்டு. பாசியை வளர்க்கும் பொசுபரசைப் பிடித்துச் சேற்றோடு பிணைக்கும் பொருள்களை ஏரிகளில் இடுவது 1960களின் இறுதியிலிருந்து நடந்து வருகிறது. முதலில் படிகாரம், பின்னர் 1990களில் அவுஸ்திரேலியாவில் உருவான லந்தனம் என்னும் உலோகம் ஏற்றிய களிமண். அந்தக் களிமண்ணையும் கூழாக்கிப் படகிலிருந்தே தெளிக்கிறார்கள். ஆயினும் வெளியிலிருந்து பொசுபரசு வருவது நின்றுவிட்ட, நீர் நெடுங்காலம் தங்கும் ஏரிகளுக்கே அது ஏற்றது. எங்கள் குளங்களுக்கு ஒவ்வொரு மாரியிலும் மேல்நிலத்து வயல்களின் பசளை புதிதாக வந்து சேர்கிறது. வாங்கிய களிமண் ஒரு போகத்துக்குக்கூடத் தாங்காது.

பலன் தரக்கூடியது மிகச் சாதாரணமான ஒன்று. அதைப் பற்றி எனக்கு வலுவான எண்ணம் உண்டு. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று தீர்மானிக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே, குளத்தில் மீனுக்காக எத்தனை அடி நீரை விட்டுவைப்பது என்பதையும் நன்னீர் மீன்பிடிச் சங்கத்தாரும் கமக்காரர் அமைப்புகளும் பேசி எழுதிக்கொள்ள வேண்டும். அந்த மட்டத்துக்கு நீர் இறங்குமுன் பெரிய மீன்களைப் பிடித்து விற்றுவிட்டால், எஞ்சிய மீன்களுக்கு ஒட்சிசன் போதும். கமக்காரரோ மீனவரோ தனித்து முடிவெடுக்கக்கூடிய காரியமல்ல இது. ஒரே குடும்பத்தில் அண்ணன் வயல் செய்ய, தம்பி வலை போடும் ஊர்களில்கூட இந்தப் பேச்சு நடப்பதில்லை என்பது வருத்தமானது.

அந்தப் பேச்சுக்கு ஆதாரம் தேவை. உங்கள் படகுக்கு அங்கேதான் வேலை இருக்கிறது. சிறிய பைபர் மிதவையொன்றில் ஆழமானி, ஜி.பி.எஸ்., ஒட்சிசன் உணரி, வெப்பமானி, பிஎச் மானி ஆகியவற்றைப் பொருத்துங்கள். தூள் படகில் சீரான தடத்தில் ஓட்டுவதற்கு எழுதியிருக்க வேண்டிய அதே கட்டுப்பாட்டு நிரலை இதற்கும் எழுதலாம். குளம் தூர்ந்து எந்த இடத்தில் எத்தனை அடி மிஞ்சியிருக்கிறது என்ற வரைபடம் கிடைத்தால், கமக்காரருக்கும் மீனவருக்கும் ஒருங்கே பயன்படும். நீருக்குள் பட்டுப்போய் நிற்கும் மரக்கட்டைகளும் அலைகரையில் தாமரைக்கொடியும் உந்தியைப் பிடிக்கும் என்பதால், உந்திக்குக் கம்பிக் கூடு போடுங்கள்; சோளகக் காற்று எழுமுன் காலையிலேயே ஓட்டி முடியுங்கள். தூளை நனைத்துக் கூழாக்கும் பகுதியில் உங்களுக்கு ஆர்வம் என்றால், அதை ஆய்வுகூடத்தில் ஒரு பீப்பாய் மழைநீரில் சிறிது அமிலம் சேர்த்துத் தனியே செய்து பாருங்கள். ஒரே அளவு தூளை உலர்ந்தபடி கொட்டியும், கூழாக்கி ஊற்றியும், கால் மணிக்கொருமுறை பிஎச் அளந்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

குளத்தில் எதைச் செய்வதற்கும் முன் ஒரு காரியத்தை இந்த வாரமே தொடங்கலாம். துருசடியிலும் நடுக்குளத்திலும் அலைகரையிலும், விடியுமுன் ஐந்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் ஒட்சிசனும் பிஎச்சும் வெப்பநிலையும் அளந்து எழுதுங்கள். துளி விட்டு அளக்கும் சோதனைப் பெட்டியால் நீரின் காரத்தன்மையையும், அதாவது மேலே சொன்ன அமிலத்தைத் தாங்கும் ஆற்றலையும், ஒருமுறை பாருங்கள். லீற்றருக்கு 5 மில்லிகிராமுக்கும் குறைவாக அந்தக் காரத்தன்மை வந்தால் நான் மேலே சொன்னதை மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும். அப்போது எழுதுங்கள், தூள் படகின் கணக்கை நாம் இருவரும் சேர்ந்தே போடலாம்.